டீக்கடை வாசல் பொது இடமா? புகைத்தடையின் எல்லை பற்றி ஒரு விவாதம்

மேலச்சத்திரம் எழுதியது:

காலை ஏழரை மணிக்கு என் மகளைப் பள்ளிப் பேருந்தில் ஏற்றிவிட நான் நிற்கும் நிறுத்தத்தை ஒட்டி ஒரு டீக்கடை இருக்கிறது. நிழற்குடையின் தூணுக்கும் கடையின் தாழ்வாரத்துக்கும் இடையே நான்கடி இருந்தால் அதிகம். டீ குடிக்க வருகிறவர்கள் ஒரு கையில் கிளாஸும் மறு கையில் சிகரெட்டுமாக, வெயிலுக்கு ஒதுங்கி நிழற்குடைக்குள்ளேயே வந்து நின்றுவிடுகிறார்கள். மகளுக்கு இளைப்பு உண்டு. சென்ற வாரம் ஒரு பெரியவரிடம், "ஐயா, கொஞ்சம் தள்ளி நின்று பிடிக்க முடியுமா?" என்று கேட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. இரண்டு எட்டுத் தள்ளி நின்றார். காற்று அவர் பக்கமிருந்தே வீசிக்கொண்டிருந்தது.

பொது இடங்களில் புகைபிடிக்கத் தடை என்று சட்டம் இருப்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் திரையரங்கிலும் அலுவலகத்திலும் செல்லுபடியாகிற அந்தத் தடை, கூரையில்லாத இடத்துக்கு வந்ததும் ஆவியாகிவிடுகிறது. எனவே தெரு, சந்தை, டீக்கடை வாசல் உட்பட எல்லாத் திறந்த வெளிகளுக்கும் தடையை விரிவுபடுத்த வேண்டும் என்பது என் கருத்து. இதில் உடன்படுகிறவர்களும் மாறுபடுகிறவர்களும் காரணத்தோடு எழுத வேண்டுகிறேன். புகைபிடிப்பவர்களுக்கு அறிவுரை கூறுவது இந்த இழையின் நோக்கமன்று.

சட்டப்பலகை எழுதியது:

நண்பர் கேட்பதில் பாதி ஏற்கெனவே சட்டமாக இருக்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

வரலாற்றைச் சுருக்கமாகப் பார்ப்போம். 1999-இல் கேரள உயர் நீதிமன்றம், பொது இடத்தில் புகைபிடிப்பது பிறருக்குத் தொல்லை தரும் குற்றம் என்றும், புகைக்காதவரின் வாழ்வுரிமையைப் பாதிக்கிறது என்றும் தீர்ப்பளித்தது. 2001 நவம்பரில், அரசியல்வாதி முரளி தேவ்ரா தொடுத்த பொதுநல வழக்கில், மருத்துவமனை, கல்வி நிலையம், நூலகம், நீதிமன்றம், அரங்கம், பேருந்து, ரயில் போன்ற இடங்களில் உச்ச நீதிமன்றம் நாடு முழுவதும் தடை விதித்தது. தமிழ்நாடு 2002-இல் புகைபிடிப்பதையும் எச்சில் துப்புவதையும் ஒரே சட்டத்துக்குள் கொண்டுவந்தது (இரண்டையும் சேர்த்துப் பார்த்த அந்தக் கண்ணோட்டமே தனியாக ஆராயத் தக்கது). 2003-இல் நாடாளுமன்றம் இயற்றிய புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2004 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. அன்புமணி இராமதாஸ் மத்திய சுகாதார அமைச்சராக இருந்தபோது, 2008 அக்டோபர் 2 முதல் அதன் விதிகள் கடுமையாக்கப்பட்டன.

இனி நண்பரின் நிழற்குடைக்கு வருவோம். 2003-ஆம் ஆண்டுச் சட்டம் பொது இடத்துக்கு இலக்கணம் சொல்லும்போது, "திறந்த வெளி இதில் அடங்காது" என்று முடிக்கிறது. அந்த ஒரு தொடர்தான் எல்லாக் குழப்பத்துக்கும் வேர். 2008-இன் விதிகள் அந்த ஓட்டையை ஓரளவு அடைத்தன. திறந்தவெளி அரங்கம், விளையாட்டரங்கம், ரயில் நிலையம், பேருந்து நிறுத்தம் ஆகியவை திறந்த வெளி என்ற சலுகையைக் கோர முடியாது. உணவகம் என்பதற்கும் விதியில் விரிவான பொருள் உண்டு. காசு வாங்கிக்கொண்டு உண்ணவோ குடிக்கவோ தரும் எந்த இடமும் உணவகமே. அதைச் சுற்றியுள்ள திறந்த இடமும் அதில் சேரும். ஆகவே, நிழற்குடையும் பொது இடம், டீக்கடையும் பொது இடம், நடுவே உள்ள நான்கடியும் பொது இடம்.

எஞ்சியிருப்பது வெறும் தெரு மட்டுமே. அங்கே தடை இல்லை, இருக்கவும் வேண்டாம் என்பது என் நிலை. கைவசம் உள்ள சட்டத்தையே நடைமுறைப்படுத்த இயலாத இடத்தில் இன்னும் பெரிய சட்டத்தைக் கேட்பதில் எனக்கு நாட்டமில்லை.

இரண்டாம் ஷிப்ட் எழுதியது:

நான் புகைபிடிப்பவன். இதை மறைத்துக்கொண்டு எழுதுவது நேர்மையாகாது என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

குழந்தை நிற்கும் நிழற்குடையில் புகைபிடிப்பது தவறு. அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் இந்தச் சட்டம் யாரை எங்கே நிறுத்துகிறது என்பதையும் கவனியுங்கள். 30 அறைகள் கொண்ட விடுதிக்கும், 30 பேர் அமரக்கூடிய உணவகத்துக்கும், விமான நிலையத்துக்கும் தனிப் புகையறை வைத்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. நான்கு பக்கமும் முழுச்சுவர், தானே மூடிக்கொள்ளும் கதவு, புகையை வெளியே இழுக்கும் விசிறி என்று அதற்கு அத்தனை விவரமாக விதி எழுதியிருக்கிறார்கள். பத்துப் பேர் நின்றுகொண்டு டீ குடிக்கும் கடைக்கு அப்படி ஓர் அறைக்கு வழியே இல்லை. விமானம் ஏறுகிறவர் சட்டப்படி புகைக்கிறார், டவுன் பஸ் ஏறுகிற நான் குற்றவாளியாகிறேன். அபராதம் இருவருக்கும் ஒரே 200 ரூபாய்தான் என்பீர்கள். அது எனக்கு அரை நாள் கூலி.

தெருவையும் தடைசெய்துவிட்டால் எஞ்சுவது வீடு ஒன்றுதான். என் வீடு ஒரே அறை. அங்கே மனைவியும் இரண்டு பிள்ளைகளும் இருக்கிறார்கள். நான் தெருவில் புகைப்பதே அவர்களுக்காகத்தான்.

நெஞ்சகம் எழுதியது:

மார்பு நோய்ப் பிரிவில் செவிலியராகப் பணியாற்றுகிறேன். மேலே நண்பர் எழுதிய கடைசி வரியை இந்த இழையில் யாரும் கடந்துபோய்விடக் கூடாது என்று கேட்டுக்கொள்கிறேன்.

பிறர் விடும் புகை கெடுதல் செய்யும் என்பது ஒரு காலத்தில் சந்தேகத்துக்குரிய பேச்சாக இருந்தது. 1981-இல் ஜப்பானைச் சேர்ந்த தகேஷி ஹிராயாமா, புகைக்காத மனைவியர் தொண்ணூறாயிரம் பேருக்கு மேல் 14 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, கணவர் புகைக்கும் அளவு கூடக்கூட மனைவிக்கு நுரையீரல் புற்றுநோய் வரும் வாய்ப்பும் கூடுவதாக எழுதினார். அந்த ஆய்வு நடந்த களம் டீக்கடையன்று, வீடு. அமெரிக்கத் தலைமை மருத்துவ அதிகாரி 2006-இல் வெளியிட்ட அறிக்கை, பிறர் புகையில் ஆபத்தில்லாத அளவு என்று ஒன்று கிடையாது என்று முடிவு கூறியது. சன்னலைத் திறப்பதும் விசிறி போடுவதும் மூடிய அறைக்குப் பரிகாரமல்ல என்பதும் அதில் அடக்கம். புகைப்பவர் ஊதிவிடும் புகை ஒரு பங்குதான். விரலிடுக்கில் சும்மா எரிந்துகொண்டிருக்கும் நுனியிலிருந்து வருவதே பிறர் மூச்சில் சேரும் புகையில் பெரும் பங்கு. "நான் மேல்நோக்கித்தானே ஊதினேன்" என்று நோயாளிகளின் உறவினர் சொல்லும்போது இதை விளக்க வேண்டியிருக்கிறது.

இந்தியாவில் 2016-17-இல் எடுத்த புகையிலைக் கணக்கெடுப்பில், வயது வந்தோரில் 38.7 விழுக்காட்டினர் வீட்டிலேயே பிறர் புகையைச் சுவாசிப்பதாகத் தெரிந்தது. முந்தைய கணக்கெடுப்பில், அதாவது 2009-10-இல், அது 52.3 ஆக இருந்தது. ஏழு ஆண்டுகளில் கண்ட அந்த இறக்கம் சிறிதன்று. வெளியே தடை போட்டால் வீட்டுக்குள் வந்து புகைப்பார்கள் என்ற அச்சத்தை அந்த எண் ஆதரிக்கவில்லை. வெளியே ஒழுங்கு பழகியவர் வீட்டிலும் திண்ணைக்குப் போகத் தொடங்குகிறார் என்றே எனக்குத் தோன்றுகிறது. இது என் ஊகம், நிரூபணமன்று.

திறந்த வெளியைப் பொறுத்தவரை நேர்மையாகச் சொல்வதானால், நெருப்பு அணைந்த சில நிமிடங்களில் காற்றில் புகையின் அளவு வீழ்ந்துவிடும். சில அடி விலகினாலே பெரிதும் குறையும். ஆனால் கூரையும் இரண்டு பக்கத் தடுப்பும் உள்ள நிழற்குடை முழுத் திறந்த வெளியன்று. இளைப்பு உள்ள குழந்தைக்கு அந்தச் சில நிமிடமே போதும்.

பழைய நடத்துநர் எழுதியது:

முப்பத்திரண்டு ஆண்டுகள் பேருந்தில் சீட்டுக் கிழித்தவன் என்ற தகுதியில் எழுதுகிறேன்.

ஓட்டுநர் தலைக்கு மேல் "புகை பிடிக்காதீர்" என்ற எழுத்து, நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலேயே வண்டியில் இருந்தது. அதற்கு நேர் கீழே ஓட்டுநரே பீடி பற்றவைப்பார். இரவு வண்டிகளில் பின்வரிசை முழுவதும் செம்புள்ளிகளாக மினுங்கும். பக்கத்தில் குழந்தையோடு ஒரு பெண் உட்கார்ந்திருந்தால் பீடியை மட்டும் சன்னலுக்கு வெளியே நீட்டிக்கொள்வார்கள். காற்று அதை அப்படியே பின்னிருக்கைக்காரர் முகத்தில் கொண்டுவந்து சேர்க்கும். யாரும் வாய் திறக்கமாட்டார்கள். ரயிலில் இதைவிட வேடிக்கை. 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 167-ஆம் பிரிவைப் பாருங்கள்: பெட்டியிலுள்ள வேறொரு பயணி ஆட்சேபித்தால் புகைக்கக் கூடாது என்பதே அதன் முதல் வாசகம். ஆட்சேபிக்க வேண்டியது இருமுகிறவரின் வேலை.

பேருந்தில் அது எப்படி நின்றது? அபராதத்தால் நின்றதாக எனக்கு நினைவில்லை. நான் ஒருவரிடமும் வசூலித்ததில்லை. தொண்ணூறுகளின் கடைசியிலும் அதற்குப் பின்னும் நாங்கள் செய்ததெல்லாம், ஒருவர் பற்றவைத்தால் விசில் கொடுத்து வண்டியை ஓரம் கட்டச் சொல்வதுதான். எஞ்சினை நிறுத்திவிட்டு ஓட்டுநர் திரும்பிப் பார்ப்பார். "என்னப்பா, வண்டி ஏன் நிக்குது?" என்று ஐம்பது பேர் கேட்பார்கள். பதில் எல்லோருக்கும் தெரியும்படி புகைந்துகொண்டிருக்கும். அந்த ஐம்பது பேரும் அதுவரை ஆட்சேபிக்காமல் இருந்தவர்கள்தாம். தங்கள் நேரம் போகிறது என்றதும் ஆட்சேபிக்கக் கற்றுக்கொண்டார்கள். நீதிமன்ற உத்தரவு வந்த பிறகு எங்களுக்கு ஒரு பிடிமானம் கிடைத்தது என்பதையும் மறுக்கவில்லை. "நான் சொல்லவில்லை, கோர்ட் சொல்கிறது" என்பது பெரிய ஆயுதம்.

பேருந்துக்குப் படிக்கட்டும் விசிலும் உண்டு. நிழற்குடைக்கு இரண்டும் இல்லை. நண்பர் அந்தப் பெரியவரிடம் கேட்க நேர்ந்தது அதனால்தான்.

இரண்டாம் ஷிப்ட் எழுதியது:

செவிலியர் அம்மாவின் மீது மதிப்பு வைத்தே ஒன்று கேட்கிறேன். தடை வந்ததும் மாரடைப்பு குறைந்தது என்று வெளிநாட்டு ஆய்வுகளைச் சொல்வார்கள். ஸ்காட்லாந்தில் 17 விழுக்காடு குறைந்தது என்ற செய்தியைப் படித்தேன். அதே தடை ஓராண்டு கழித்து இங்கிலாந்தில் வந்தபோது குறைந்தது 2.4 விழுக்காடு மட்டுமே என்றும் படித்தேன். எதை நம்புவது? தனக்கு வேண்டிய எண்ணை எடுத்துக்கொள்வதுதான் ஆய்வா?

நெஞ்சகம் எழுதியது:

நியாயமான கேள்வி. இரண்டு எண்களும் உண்மையானவை. ஸ்காட்லாந்தில் 2006 மார்ச்சில் தடை வந்தது. அங்கே ஒன்பது மருத்துவமனைகளில் தடைக்கு முன்னும் பின்னும் சேர்க்கப்பட்ட இதய நோயாளிகளை எண்ணிப் பார்த்ததில் 17 விழுக்காடு குறைந்திருந்தது. இங்கிலாந்தில் 2007 ஜூலையில் தடை வந்தது. அங்கே நாடு முழுவதற்குமான அவசரச் சேர்க்கைகளை எடுத்துக்கொண்டு, தடை இல்லாமலே ஆண்டுதோறும் குறைந்துவந்த போக்கையும் கழித்துப் பார்த்தார்கள். அதன் பிறகும் மிஞ்சியது 2.4. தடைக்கு முன்பே அங்குப் பல அலுவலகங்கள் புகையற்றவையாக இருந்ததும் ஒரு காரணம்.

நான் 2.4-ஐயே எடுத்துக்கொள்கிறேன். ஒரு நாடு முழுவதும் ஓராண்டில் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் மாரடைப்போடு மருத்துவமனைக்கு வராமல் போனார்கள் என்பது அதன் பொருள். ஒரு வார்டுக்கு எத்தனை கட்டில் என்று எண்ணிப் பழகியவளுக்கு அது சிறிய எண்ணாகப் படவில்லை.

கடைக்காரர் மகள் எழுதியது:

இந்த இழையில் எல்லோரும் டீக்கடையைப் பற்றி எழுதிவிட்டீர்கள். கடைக்குள்ளிருந்து ஒருவராவது எழுத வேண்டும். என் அப்பா இருபத்தாறு ஆண்டுகளாக டீக்கடை நடத்துகிறார். கல்லூரி முடியும்வரை மாலையில் கல்லாவில் உட்கார்ந்தவள் நான்.

எங்கள் கடைத் தூணில் முதலில் ஒரு தென்னங்கயிறு தொங்கியது. அதன் நுனி நாள் முழுவதும் கனன்றுகொண்டே இருக்கும். பீடி வாங்குகிறவர்கள் கயிற்றை இழுத்து, ஊதி, பற்றவைத்துக்கொள்வார்கள். பிறகு அந்த இடத்தில் நூலில் கட்டிய லைட்டர் வந்தது. பொது இடத்தில் தீப்பெட்டி, லைட்டர், சாம்பல் கிண்ணம் என்று புகைக்க உதவும் எதையும் வைக்கக் கூடாது என்பதும் 2008-இன் விதிதான். அது அப்பாவுக்குத் தெரியவந்தது அபராத ரசீதில். இரண்டு முறை அதிகாரிகள் வந்தார்கள். எந்தத் துறை என்று எழுத விரும்பவில்லை. இரண்டு முறையும் பெஞ்சில் உட்கார்ந்து புகைத்தவர் மெல்ல எழுந்து போய்விட்டார். நின்ற இடத்தில் நின்றது கடை மட்டுமே. அபராதம் கடைக்கு. அறுபது சென்டிமீட்டருக்கு முப்பது என்று விதி சொல்லும் அளவில் பலகையும் மாட்டினோம். யாரிடம் புகார் செய்வது என்று அதில் பெயர் எழுத வேண்டும். அப்பா தன் பெயரையே எழுதினார். அன்று எங்கள் கடையில் அதற்காகச் சிரிக்காதவர் இல்லை.

சட்டம் தெரிந்தவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டுகிறேன். கடையில் புகைப்பவரைத் தடுக்கும் பொறுப்பை விதி கடைக்காரரிடம் தருகிறது. ஆனால் கடைக்காரரிடம் விசில் இல்லை. சீட்டுக் கொடுத்தவரை நடத்துநர் இறக்கிவிடலாம். மாதக் கணக்கில் டீ குடிக்கும் வாடிக்கையாளரை அப்பா எப்படி இறக்கிவிடுவார்? மாதக் கடைசியில் பாக்கி தர வேண்டியவர் அவர். சிகரெட்டில் கடைக்கு நிற்பது சில்லறைக் காசுதான். ஆனால் ஒரு சிகரெட்டுக்காக வருகிறவர் ஒரு டீயும் ஒரு வடையும் சாப்பிடுவார், அரை மணி நேரம் பேசிக்கொண்டிருப்பார், அவரைப் பார்க்க இன்னொருவர் வருவார். அந்த இன்னொருவர் சில நாட்களில் சீருடையிலும் வருவார். அவரும் லைட்டரைத்தான் தேடுவார்.

கல்லாவில் உட்கார்ந்து நான் கவனித்த ஒன்றையும் சொல்கிறேன். கூட்டம் பெஞ்சைச் சுற்றி நிற்பதில்லை, டீ போடும் பட்டறையைச் சுற்றியும் நிற்பதில்லை. லைட்டர் கட்டிய தூணைச் சுற்றித்தான் நிற்கும். ஒரு முறை கூரை பழுதுபார்க்க அந்தத் தூணை மாற்றியபோது லைட்டரைப் பின்பக்க வேப்பமரத்தில் கட்டினோம். பத்து நாட்கள் கூட்டம் முழுவதும் வேப்பமரத்தடிக்குப் போய்விட்டது. அந்தப் பத்து நாளும் முன்பக்கப் பெஞ்சில் பெண்கள் வந்து உட்கார்ந்து டீ குடித்தார்கள். இருபத்தாறு ஆண்டுகளில் அந்தப் பத்து நாட்கள்தாம்.

லிஃபிக்கரை எழுதியது:

அயர்லாந்தில் வாழும் தமிழன். 2004 மார்ச் 29 அன்று இந்த நாடு, மதுக்கூடம் உட்பட எல்லா மூடிய பணியிடங்களிலும் புகைக்கத் தடை விதித்தது. உலகில் நாடு முழுவதற்குமாக இப்படிச் செய்ததில் இதுவே முதல். அப்போது சுகாதார அமைச்சராக இருந்தவர் மைக்கேல் மார்ட்டின், பின்னாளில் பிரதமரானவர். மதுக்கூடங்கள் இழுத்து மூடப்படும், சிற்றூர்களில் ஒருவரும் மதிக்கமாட்டார்கள் என்றெல்லாம் ஆரூடம் சொன்னார்கள். நான் வந்தது அதற்குப் பல ஆண்டுகள் கழித்து என்பதால் கண்ணால் கண்டதாகச் சொல்லமாட்டேன். ஆனால் இங்குள்ள முதியவர்கள் வியப்போடு நினைவுகூர்வது, அது எவ்வளவு அமைதியாக நடந்து முடிந்தது என்பதைத்தான்.

வாதத்தை அவர்கள் அமைத்த விதம் கவனிக்கத் தக்கது. குடிக்க வருகிறவரின் உடல்நலம் என்று அவர்கள் பேசவில்லை. அவர் விரும்பினால் வரலாம், விரும்பாவிட்டால் போகலாம். கிளாஸ் கழுவுகிற ஊழியர் எட்டு மணி நேரம் அங்கே நின்றாக வேண்டும், அவருக்குப் போக்கிடம் இல்லை என்றார்கள். மதுக்கூடம் பணியிடம் ஆனதும் பேச்சே மாறிவிட்டது. மீறினால் 3,000 யூரோ வரை அபராதம் என்று அப்போது விதித்தார்கள், அது கூடத்தின் உரிமையாளர் மீதும் பாயும். இந்த இழையில் எல்லோரும் வாடிக்கையாளரையும் வழிப்போக்கரையும் பற்றிப் பேசுகிறோம். பாய்லர் அருகே காலை நான்கு மணி முதல் நிற்கும் டீ மாஸ்டரைப் பற்றி யாரும் எழுதவில்லை.

இன்னொன்று. தடைக்குப் பிறகு இங்கே புகைப்பவர்கள் எல்லோரும் வாசலுக்கு வந்தார்கள். இன்று மதுக்கூடத்துக்குள் நுழைய வேண்டுமானால் வாசலில் ஒரு புகைத்திரையைத் தாண்டித்தான் போக வேண்டும். உள்ளே விரட்டினால் வாசல், வாசலில் விரட்டினால் நடைபாதை.

தென்பொதிகை எழுதியது:

தென்காசிப் பக்கத்துக்காரன். எங்கள் ஊர்களில் பீடித் தட்டு இல்லாத வீடு அரிது. அம்மா மடியில் தட்டை வைத்துக்கொண்டு, இலையை வெட்டி, தூளை வைத்துச் சுற்றி, நூல் கட்டி, ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி வாங்கித்தான் எங்களைப் படிக்கவைத்தார். தடை என்ற சொல்லைக் கேட்டாலே எங்கள் தெருவில் ஒரு நடுக்கம் வருவதுண்டு. ஆனால் விஷயத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். இடத்தைக் கட்டுப்படுத்தும் சட்டம் விற்பனையை நிறுத்துவதில்லை. எங்கள் கூலி குறைந்தது வேறு காரணங்களால்.

லிஃபிக்கரை நண்பர் பணியிடம் என்றதும் எனக்கு எங்கள் வீட்டுத் திண்ணை நினைவுக்கு வந்தது. ஒரு பீடியும் பற்றவைக்காத அம்மா நாள்தோறும் அந்தத் தூளைச் சுவாசித்தார். தொட்டிலில் கிடந்த தம்பியும் சுவாசித்தான். எரிந்த பிறகு வரும் புகைக்கு விதி எழுதியவர்கள், எரிவதற்கு முன்பு பறக்கும் தூளுக்கு எந்தப் பலகையும் மாட்டவில்லை. இழையின் பொருளிலிருந்து சற்று விலகிவிட்டேன் என்றால் பொறுத்தருள்க.

சட்டப்பலகை எழுதியது:

விலகவில்லை, தென்பொதிகை.

கடைக்காரர் மகள் எழுதியதைப் படித்த பிறகு என் முதல் பதிவில் ஒரு திருத்தம் செய்ய வேண்டியிருக்கிறது. "சட்டம் இருக்கிறது, நடைமுறைதான் இல்லை" என்ற பொருளில் எழுதினேன். அப்படிச் சொல்வது வக்கீல்களுக்கு வசதியான வாக்கியம். உண்மையில், யாருக்கு அதிகாரம் இருக்கிறதோ அங்கே சட்டம் நடைமுறையில் இருக்கிறது. விதியின் அட்டவணையில் அபராதம் விதிக்கும் அதிகாரம் யார் யாருக்கு என்று பார்த்தால் பள்ளித் தலைமையாசிரியர், ரயில் நிலைய அலுவலர், மருத்துவமனை நிர்வாகி, நூலகர் என்று நீள்கிறது. இந்த இடங்களில் தடை வேலை செய்கிறது. டீக்கடையில் மட்டும் பொறுப்பைக் கடைக்காரருக்கும் அதிகாரத்தை வேறொருவருக்கும் பிரித்துக் கொடுத்துவிட்டார்கள்.

அபராதம் குறித்தும் ஒரு வார்த்தை. 2003-இல் எழுதிய 200 ரூபாய் மத்தியச் சட்டத்தில் இன்றும் 200 ரூபாயாகவே நிற்கிறது. 20 சிகரெட் கொண்ட நல்ல பாக்கெட் ஒன்றின் விலையே அதைத் தாண்டிவிட்டது. புகையறைச் சலுகையை நீக்கவும், அபராதத்தை உயர்த்தவும், உதிரியாக ஒற்றைச் சிகரெட் விற்பதைத் தடுக்கவும் 2020-இல் ஒரு வரைவுத் திருத்தம் வந்தது. அது சட்டமாகவில்லை. கர்நாடகம் தன் அளவில் திருத்தம் செய்து, 2025-இல் அபராதத்தை 1,000 ரூபாயாகவும் வாங்கும் வயதை 21 ஆகவும் உயர்த்தியது. இரண்டாம் ஷிப்ட் சுட்டிய ஏற்றத்தாழ்வு குறித்து என்னிடம் மறுப்பு இல்லை. புகையறையை எல்லோருக்கும் தருவதைவிட எல்லோரிடமிருந்தும் எடுத்துவிடுவதே நேர் வழி என்று மட்டும் சொல்வேன்.

இரண்டாம் ஷிப்ட் எழுதியது:

எடுத்துவிடுங்கள், ஆட்சேபமில்லை. விமான நிலையத்தில் எடுத்த மறுநாள் எனக்குத் தெரிவியுங்கள்.

டீ மாஸ்டரைப் பற்றி எழுதியது என்னைக் கொஞ்சம் உறுத்துகிறது. எங்கள் தொழிற்சாலை வாசலில் டீ போடுகிறவருக்கு அறுபது வயதிருக்கும். புகைத்து நான் பார்த்ததே இல்லை. இருமிப் பார்த்திருக்கிறேன்.

மேலச்சத்திரம் எழுதியது:

இழையைத் தொடங்கியவன் என்ற முறையில் பதினைந்து நாள் கழித்து ஒரு தகவல் தருகிறேன். எல்லாத் திறந்த வெளிகளுக்கும் தடை வேண்டும் என்று தொடங்கிய நான், அந்தக் கோரிக்கையை இப்போதைக்கு ஒத்திவைக்கிறேன். ஒரே அறை வீடு என்று நண்பர் எழுதியது அதற்கு முதற்காரணம். வேப்பமரம் இரண்டாவது.

அந்த டீக்கடைக்காரரிடம் பேசினேன். முதலில், நான் புகார் கொடுக்க வந்திருக்கிறேன் என்று எண்ணிக் கையெடுத்துக் கும்பிட்டார், சங்கடமாகிவிட்டது. சட்டத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், "அண்ணே, அந்த லைட்டரை மட்டும் கடைக்கு அந்தப் பக்கம் கட்ட முடியுமா?" என்று கேட்டேன். "இதுக்கா இவ்வளவு தயக்கம்?" என்றார். மறுநாள் கடைக்குப் பின்னே இருபதடி தள்ளியுள்ள புங்கமரத்தில் லைட்டர் தொங்கியது. மூன்றாம் நாள் ஒரு கல்லை இழுத்துப் போட்டு யாரோ உட்காரவும் வசதி செய்துவிட்டார்கள். நிழற்குடைக்குள் இப்போது புகை இல்லை என்று சொல்லமாட்டேன். காலையில் ஏழெட்டுப் பேர் நின்ற இடத்தில் ஒருவர் நிற்கிறார். நான் முன்பு தள்ளி நிற்கச் சொன்ன பெரியவர் புங்கமரத்தடியிலிருந்து என் மகளுக்குக் கையசைக்கிறார்.

நிழற்குடையில் ஒரு பலகை மாட்டச் சொல்லி உள்ளாட்சி அலுவலகத்தில் மனுவும் கொடுத்திருக்கிறேன். அந்தப் பலகையில் புகாருக்கு யார் பெயரை எழுதுவது என்று அங்கே கேட்டார்கள்.

சட்டப்பலகை எழுதியது:

கடையைச் சுற்றியுள்ள திறந்த இடமும் உணவகம் என்பதால், அந்தப் புங்கமரத்தில் தொங்கும் லைட்டரும் விதிமீறல்தான். இதைப் பதிவு செய்வது என் கடமை. இருபதடி என்றீர்கள், முப்பதடியில் வேறு மரம் இருக்கிறதா?